காவற்காரனுக்கு லஞ்சம்

வீடு மணக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வீடு 24 மணி நேரமும் மணந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோமே, அங்கேதான் கோளாறு ஆரம்பமாகிறது. அந்தக் கோளாறு இப்போது ஒரு புது உருவம் எடுத்துக் கடைகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி நேயர்களோடு கொஞ்சம் சண்டை போடலாமென்று உத்தேசம்.

‘வாக்ஸ் மெல்ட்’ என்று அதற்குப் பெயர். திரியில்லாத மெழுகு. அச்சு வெல்லம் மாதிரி சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்திருப்பார்கள். ஒரு கட்டியை எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, அடியில் ஒரு குட்டி மெழுகுவத்தியையோ மின்சார விளக்கையோ ஏற்றிவிட்டால் அது உருகும். உருகும்போது அதில் கலந்திருக்கும் வாசனை எண்ணெய் ஆவியாகி அறையெங்கும் பரவும். மெழுகு எங்கேயும் போவதில்லை. வாசனை மட்டுமே போகிறது. சில தடவை உருக்கியபின் மணமற்ற மெழுகு கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்த கட்டியைப் போட வேண்டும். லாவெண்டர், வனிலா, மல்லிகை, சந்தனம் என்று பல தினுசு. ‘கடற்காற்று’ என்றுகூட ஒன்று இருக்கிறது. சென்னையில் பொடிநடையாகப் போனால் கடற்கரை வந்துவிடும் தூரத்தில் குடியிருந்துகொண்டு, ஜன்னல்களை இறுக மூடிவிட்டு, கிண்ணத்தில் கடற்காற்றை உருக்கி மோந்துகொண்டிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

“இதிலென்ன தப்பு? நம் பாட்டிமார் சாம்பிராணி போடவில்லையா? ஊதுவத்தி ஏற்றவில்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

பாட்டி சாம்பிராணி போட்டது உண்மை. ஆனால் எப்போது போட்டாள்? குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்த்ததும், தலை ஈரம் காய்வதற்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் போட்டாள். நெருப்பு அவிந்ததும் கரண்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மொத்தம் கால் மணி நேரம். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையே, “ஜன்னலைத் திற” என்று கட்டளையும் போட்டது. சங்க காலத்துப் பெண்கள் அகிற்புகையில் கூந்தல் உலர்த்தியதும் இப்படித்தான். அந்த மணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு வேளை இருந்தது. ஒரு முடிவும் இருந்தது. மதுரை மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பூ அது. காலையில் மொட்டாக வருகிறது. சாயங்காலம் அவிழ்ந்து மணக்கிறது. மறுநாள் பொழுது விடிந்தால் பழுத்துப் போய்க் குப்பைக்குப் போகிறது. வாடுகிற பூவைத்தான் மனிதன் மறுபடி தேடுகிறான்.

ஓயாத மணத்தை யாரும் தேடுவதில்லை. ஏன், யாரும் உணர்வதே இல்லை! மூக்கின் சுபாவம் அப்படி. ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால், சில நிமிஷங்களில் மூக்கு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. இது நோயல்ல, இயற்கை. புதிதாக வரும் வாசனையைச் சட்டென்று பிடிக்க வேண்டுமே என்று பழைய வாசனையை அது ஒதுக்கி வைக்கிறது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்காரருக்கு வாசனை தெரிவதில்லை. ஐந்து நிமிஷம் வந்து போகும் விருந்தாளிக்குத்தான் தெரிகிறது. வீட்டுக்காரரோ, “என்ன இது, மணமே இல்லையே!” என்று இன்னொரு கட்டியைப் போடுகிறார். இந்த வியாபாரம் மூக்கின் மறதியை மூலதனமாகக் கொண்டு நடக்கிற வியாபாரம்.

இதோடு போனால் காசுக்குப் பிடித்த கேடு என்று விட்டுவிடலாம். என் வழக்கு அதுவல்ல. மூக்கு நம் வீட்டுக் காவற்காரன். கண் தூங்கும், இருட்டினால் குருடாகும். மூக்கோ இருட்டிலும் சுவருக்கு அப்பால் நடப்பதைச் சொல்லும். பால் திரிந்ததையும், ஜலதாரை அடைத்ததையும், மின்சாரக் கம்பி கருகுவதையும் முதலில் அதுதான் அறிவிக்கிறது. அந்தக் காவற்காரனுக்கு ஓயாமல் லாவெண்டர் லஞ்சம் கொடுத்து வாயை அடைக்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் தங்கள் சமையலறை சிலிண்டரைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. நாம் ‘காஸ் நாற்றம்’ என்று சொல்வது வேண்டுமென்றே அதில் கலக்கப்பட்ட நாற்றம். எதைல் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் கைங்கரியம். நூறு கோடிப் பங்கு காற்றில் ஓரிரு பங்கு கலந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 1937ஆம் வருஷம் மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தைச் சூடாக்குவதற்காக வந்த இயற்கை வாயு குழாயிலிருந்து கசிந்து கட்டடத்தின் அடியில் தேங்கி நின்றது. அந்த வாயுவுக்கு மணமில்லை. ஆகையால் மேலே பாடம் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மின்சாரக் கருவியிலிருந்து தெறித்த பொறி போதுமாயிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான், வாயுவில் நாற்றம் கலந்தே தீரவேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் செய்தார்கள். மற்ற இடங்களிலும் அந்த வழக்கம் வேரூன்றியது. அத்தனை உயிர்களைப் பறிகொடுத்து உலகம் வாங்கிய நாற்றம் அது!

அந்த நாற்றம் துளியாகக் கிளம்பும்போது, வனிலா மண்டிக் கிடக்கும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தாமதமாக எட்டலாம்; எட்டாமலே போகவும் போகலாம். இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து வரும். அது வரும் வழியில், தாழ்வான மேஜையின் மேல், மெழுகுக் கிண்ணத்தின் அடியில் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. காவற்காரனைத் தூங்க வைத்ததும் போதாதென்று திருடனுக்கு விளக்கும் பிடிக்கிறோம்.

சரி, வாயுக் கசிவு எங்கோ எப்போதோ நடப்பது என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். அன்றாடம் நடப்பதையே சொல்கிறேன். என் நண்பர் ஒருவரின் மகள் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்குப் போயிருந்தாள். குடிவந்த சில வாரங்களில் பார்க்கப் போனேன். குழந்தை இழுப்பினால் அவதிப்பட்டு அப்போதுதான் தூங்கியிருந்தது.

“வீடு பார்க்க வந்த இரண்டு தடவையும் கம்மென்று சந்தன வாசனை, மாமா. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று இவருக்கு ஒரே சந்தோஷம். குடிவந்தபிறகு பீரோவை நகர்த்தினால், பின்னால் சுவர் முழுக்க ஓதம். கறுப்பாகப் பூசணம் பூத்துக் கிடக்கிறது” என்றாள்.

“வீட்டுக்காரரிடம் சொன்னாயா, அம்மா?”

“சொன்னோம். மழைக்காலம் போனால் தானே காய்ந்துவிடும் என்கிறார். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. நாம் என்ன பேச முடியும்?”

எனக்கு ஆத்திரம் வந்தது அந்த வீட்டுக்காரர் பேரில் மட்டுமல்ல. பேசிக்கொண்டே இருந்தவள் எழுந்து போய், அலமாரியின் மேல் இருந்த கிண்ணத்தில் ஒரு சந்தன மெழுகுக் கட்டியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். “சாயங்காலம் இவருடைய ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள், மாமா. ஓத வாடை அடித்தால் என்ன நினைப்பார்கள்?” என்றாள்.

அவளை ஏமாற்றிய அதே தந்திரத்தைக் கொண்டு அவள் மற்றவர்களை ஏமாற்றத் தயாராகிவிட்டாள். சுவரின் ஈரம் அப்படியே இருக்கிறது. குழந்தையின் நெஞ்சில் கபமும் அப்படியே இருக்கிறது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்த்துமா முதலிய சுவாசக் கோளாறுகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே விளக்கமாக எழுதி வைத்திருக்கிறது. “இங்கே ஈரம் இருக்கிறது, கவனி” என்று சுவர் நாற்றத்தின் மூலம் கூவுகிறது. நாமோ சுவரைப் பழுது பார்ப்பதற்குப் பதிலாக அதன் கூவலை அமுக்குகிறோம்.

“இதில் புகை இல்லை, கரி இல்லை, ஆகவே பரிசுத்தம்” என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் சுவாசத்துக்கு நல்லவை என்று நான் வாதாட வரவில்லை. அவையும் நெஞ்சுக்கு ஆகாதவைதான். ஆனால் புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் காற்று சுத்தமாகிவிடாது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பரிசோதனைக்கென்றே அமைத்த ஒரு வீட்டில் இந்த மெழுகுக் கட்டிகளை உருக்கிப் பார்த்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரஞ்சுத் தோலிலும் பைன் மரத்திலும் உள்ளவை போன்ற வாசனைச் சத்துக்கள், வீட்டுக் காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோனோடு சேர்ந்து, மயிரிழையின் பருமனில் பல நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்களாக மாறுகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் அப்படிப்பட்ட துகள்கள் 10 லட்சத்துக்கும் மேல்! எரியும் காஸ் அடுப்புக்கு ஈடான கணக்கு இது. இதனால் நாளைக்கே இன்ன நோய் வரும் என்று நான் யாரையும் பயமுறுத்தவில்லை. ‘பரிசுத்தம்’ என்ற வார்த்தையை மட்டும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்கிறேன்.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னபிறகும் கட்டி உருகிக்கொண்டுதான் இருக்கும். காரணம், இது மூக்கு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல, வெட்கம் சம்பந்தப்பட்டது. நம் மத்தியதரக் குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டு வாசனையைக் கண்டு வெட்கம். மீன் குழம்பு கொதித்தால் வெட்கம். கருவாடு வறுத்தால் அதைவிட வெட்கம். பெருங்காயம் தாளித்தால்கூட எதிர் வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரோ என்று அச்சம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் உங்கள் சமையலறையில் என்ன கொதிக்கும் என்று விசாரித்துவிட்டு வீடு கொடுக்கிற ஊர் இது. சாப்பாட்டின் வாசனையை வைத்து மனிதனின் ஜாதியை எடை போடும் ஊர். அந்தத் திமிரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லாமல், லாவெண்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறோம். பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணமும் அதில் அடக்கம். எதைக் கண்டு யார் மூக்கைப் பிடிக்க வேண்டும் என்று சிலர் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகு வார்த்தைகூடக் கெட்டுப்போவதில் ஆச்சரியமென்ன?

நான் கதை எழுதுகிறவன். ஒரு வீட்டுக்குள் என் பாத்திரம் நுழையும்போது முதலில் அவன் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவேன். காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை, பாச்சை உருண்டை போட்ட பட்டுப்புடவையின் வாசனை, பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையின் வசம்பு வாசனை, கிழவர் படுத்திருக்கும் மூலையின் தைல வாசனை... இவற்றைச் சொன்னால் போதும், அந்த வீட்டு மனிதர்களைப் பற்றிப் பாதிக் கதை சொல்லியாகிவிட்டது. எல்லா வீடும் வனிலாவாக மணந்தால், எல்லா வீடும் ஹோட்டல் அறைதான். அங்கே தங்கலாம், வாழ்ந்ததாக யாரும் நினைவு வைத்துக்கொள்ள முடியாது.

வாசனை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முதலில் ஓதத்தை நிறுத்துங்கள், ஜலதாரையைக் கழுவுங்கள், குப்பையை அன்றன்றைக்கு அகற்றுங்கள், காலையிலும் மாலையிலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதற்கப்புறமும் ஆசையிருந்தால், நல்ல நாள் பெரிய நாளில், சமையலறைக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் எட்டத்தில், ஒரு மணி நேரம் உருக்கி மணத்தை அனுபவியுங்கள். பிறகு அணைத்துவிடுங்கள். இழுப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் அந்த ஆசையும் வேண்டாம்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கதவைத் திறந்ததும் மணம் உங்களை வரவேற்றால் மயங்கி நிற்காதீர்கள். கிண்ணத்தை அணைக்கச் சொல்லி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கீழே இறங்கிப் போய் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். அப்போது மூக்கு சொல்வதைக் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.