காத்தைக் குறைச்சா டயர் வெடிக்காதாம்!

சித்திரை வெயில் தொடங்கியதும் திண்டுக்கல் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். "அண்ணே, வெயில் காலம்ணே... காத்தைக் கொஞ்சம் கம்மியாவே வைங்க. சூட்டுல விரிஞ்சு வெடிச்சிரும்." சொல்வது வேன் டிரைவராகவும் இருக்கலாம், கடைக்காரராகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் மற்றவர் தலையாட்டுவார். பின்னால் உட்காரப் போகிற பன்னிரண்டு பேரின் காதில் இது விழாது. விழுந்தாலும் "அனுபவஸ்தர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

சரியாக இல்லை மக்களே. அப்படியே தலைகீழ். வெடிக்காமல் இருக்க என்று செய்கிற இந்தக் காரியம்தான் டயரை வெடிக்க வைக்கிறது.

முதலில் சூடு விஷயத்தைப் பார்ப்போம். சூடானால் காற்றழுத்தம் ஏறும், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு ஏறும்? காலையில் 27 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. வைத்த வேன் டயர், ஓடி ஓடி 57 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ. கூடும். பள்ளிக்கூடத்து வாயு விதியை வைத்துக் கணக்குப் போட்டாலே வந்துவிடும். இந்த ஏற்றத்தை டயர் செய்கிறவர்கள் முன்பே கணக்கில் எடுத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். வண்டியின் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ போட்டிருக்கிற அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைத்த இடம் சூடாகி ஒடிகிறதே, அதே கதைதான். 14 அங்குல வேன் டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 490 சுற்று சுற்றும். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதாவது பஞ்சாமிர்தம் வாங்கப் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு டயரும் கிட்டத்தட்ட 30 ஆயிரம் தடவை மடங்கி நிமிர்கிறது. வெயிலுக்குப் பயந்து காற்றைப் பிடுங்கியவர், வெயிலை விடப் பெரிய அடுப்பை டயருக்குள்ளேயே மூட்டிவிடுகிறார்.

இது உலகத்துக்கே பெரிய விலை கொடுத்துத் தெரிந்த பாடம். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டியவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை கழன்று வண்டி உருண்டது. அந்த டயர்களோடு சம்பந்தப்படுத்தப்பட்ட சாவுகள் 271. டயரில் தயாரிப்புக் குறை இருந்தது உண்மை. ஆனால் அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த அழுத்தம் வெறும் 26 பி.எஸ்.ஐ. என்பது பெரிய சண்டையானது. 30 வைக்கவேண்டும் என்றது டயர் கம்பெனி. புகார்கள் அதிகம் குவிந்த இடங்கள் எவை தெரியுமா? டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா. எல்லாம் நம்ம ஊர் மாதிரி காய்கிற சீமைகள். வெயிலும் பாரமும் குறைந்த காற்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று இதற்கு மேல் யார் வந்து சொல்லவேண்டும்? அதன் பிறகுதான் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற கருவி வண்டியிலேயே இருக்கவேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள்.

இனி பாரத்துக்கு வருவோம். வெளிநாட்டில் மோட்டார்ஹோம் என்று படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிற முதல் அறிவுரை இதுதான்: எல்லாச் சாமானையும் ஏற்று, ஆட்களையும் ஏற்று, எடை மேடைக்குக் கொண்டுபோ. முன் அச்சைத் தனியாக நிறு, பின் அச்சைத் தனியாக நிறு. அந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து வை.

நமக்கு எங்கே மோட்டார்ஹோம் என்கிறீர்களா? தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் ஊர்ந்து போகிறதே ஒரு வேன், அதுதான் நம்ம மோட்டார்ஹோம். அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, நடக்க முடியாத பாட்டி எல்லாம் அதில். கார்த்திகை மார்கழியில் திண்டுக்கல் தாண்டி வத்தலக்குண்டு, தேனி வழியாகச் சபரிமலைக்குப் போகிற வேன்களும் அதே ரகம். கணக்குப் பாருங்கள். டிரைவரோடு 13 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 845 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் பத்து என்றால் 200 கிலோ. ஆயிரம் தாண்டியாச்சு. அண்டா இன்னும் ஏறவில்லை.

இந்த ஆயிரத்துச் சொச்சத்தைச் சுமப்பது ரப்பர் என்று நினைத்தால் தப்பு. பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளே அடைத்திருக்கும் காற்று. காற்று குறைந்தால் சுமக்கிற சக்தியும் குறையும். ஆக நம்ம ஆட்கள் வெயில் காலத்தில் பாரத்தைக் கூட்டி, தாங்குகிறவனின் சோற்றைக் குறைக்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால் எடை மேடைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கு எடை மேடை ஏறாமல் விலை பேசுமா? வெங்காயத்தை நிறுக்கிறோம், முருங்கைக்காயை நிறுக்கிறோம். மனுசனை ஏற்றின வண்டியை மட்டும் நிறுப்பதில்லை. கேட்டால் காலால் டயரை ஒரு எத்து எத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். 65 இருக்கவேண்டிய டயரில் 45 இருந்தாலும் காலுக்குக் கல்லு மாதிரிதான் இருக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டி என்றால் உள் டயருக்கு அந்த எத்துகூடக் கிடையாது.

டயர் வாங்குகிற லட்சணம் இன்னும் மோசம். "அளவு ஒண்ணுதானே, விலை கம்மியா இருக்கிறதைப் போடு." அளவு ஒன்றாக இருந்தால் போதுமா? 14 அங்குல ரிம்மில் 185 அகலத்துக்கு இரண்டு டயர் எடுத்துக்கொள்ளுங்கள். கார் டயரில் 91 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வேன் டயரில் அளவுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்தும் 102/100 என்ற எண்ணும் இருக்கும். ஒற்றையாக மாட்டினால் 850, இரட்டையாக மாட்டினால் ஒவ்வொன்றும் 800. இரண்டும் ஒரே ரிம்மில் உட்காரும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். நாலு டயருக்கு வித்தியாசம் 940 கிலோ! மேலே போட்ட கணக்கில் 13 பேரின் எடையை விட அதிகம். சில நூறு ரூபாய் லாபம் என்று இதில் கை வைக்கிறவர் பேரேட்டை எந்தப் பக்கம் பிடித்துப் படிக்கிறாரோ!

அப்புறம் வயசு. பி.காம் பாடத்தில் தேய்மானம் என்றதும் ஆளாளுக்கு நேர்கோட்டு முறை என்று ஒப்பிப்போம். டயர் தேயாமலே கிழடாகும் என்பது மட்டும் தெரியாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் பிறந்தது. சீசனுக்கு மட்டும் ஓடி, மீதி நாள் வெயிலில் நிற்கிற வேனுக்குப் பட்டை நன்றாகவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் சோதிக்கச் சொல்கிறார்கள், பத்து என்றால் பேச்சே இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். "பட்டன் அப்படியே இருக்குண்ணே" என்று பழைய டயர் விற்பவரிடம் அந்த நாலு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அதிகமாக அடித்தாலும் ஆபத்துதான், மறுக்கவில்லை. நடுப்பட்டை மட்டும் தேயும், பிரேக் பிடிக்கும்போது தரையோடு ஒட்டுகிற இடம் குறையும். அதற்காகக் கொடைக்கானலில் ஏறி நின்றதும் "மலையில காத்து ஜாஸ்தி காட்டும்" என்று திறந்துவிடுகிற ஞானிகளை மன்னிக்க முடியாது. 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கருவி இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அங்கே குளிர் அதே அளவுக்குக் குறைத்தும் விடும். மலையில் பிடுங்கிவிட்டு வத்தலக்குண்டில் இறங்கினால், பிரேக் பிடித்துப் பிடித்து ரிம்மெல்லாம் கொதிக்கிற நேரத்தில் டயர் தளர்ந்து நிற்கும்.

நைட்ரஜன் அடித்தால் எல்லாம் சரியாகும் என்றொரு கோஷ்டி. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சாமி. மீதிக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம். அதை நம்பி மாதக்கணக்கில் அழுத்தம் பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

டிரைவரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. டயர் வாங்குவது முதலாளி, பாரம் ஏற்றுவது பயணி, நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர். ஆனால் தைப்பூச சமயத்தில் ஒட்டன்சத்திரம் ரோட்டோரம் செருப்பில்லாமல் நடக்கிற ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருக்கிறார்களே, ஒரு முன் டயர் வெடித்தால் வேன் பாய்வது அவர்கள் மேல்தான். அவர்கள் இதில் எந்தக் கணக்கிலும் வரவில்லை. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், அழுத்தமானி ஒரு வேளை டீசல் செலவுகூட வராது.

டிஸ்கி: ஸ்டெப்னியையும் பாருங்கள். 1904-ல் வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி தெருவில் இருந்த கடைக்காரர்கள் கண்டுபிடித்த உபரிச் சக்கரம் அது, பெயர் நம்ம ஊரில் இன்னும் நிலைத்திருக்கிறது. காற்றுதான் நிலைப்பதில்லை. வண்டிக்கு அடியில் தொங்குகிற அதில் கடைசியாக எப்போது காற்று பார்த்தீர்கள் என்று வேனில் ஏறும்முன் டிரைவர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கே தனி :-)