கணக்குப் பக்கம்: சரியும் ஏணி

நுண்கணிதத்தில் ‘தொடர்புடைய வீதங்கள்’ என்றதும் அஞ்சுவோர் பலர். ஓர் ஏணி அவ்வச்சத்தைப் போக்கும்.

5 மீட்டர் ஏணியொன்று செங்குத்தான சுவரில் சாய்ந்துள்ளது. அதன் அடிமுனை, வினாடிக்கு 12 சென்டிமீட்டர் வீதம் சுவரைவிட்டு விலகுகிறது. அம்முனை 3 மீட்டர் தொலைவில் உள்ளபோது மேல்முனை எவ்வேகத்தில் இறங்கும்?

அடிமுனையின் தொலைவு அ, மேல்முனையின் உயரம் உ என்க. பிதாகரஸ் தேற்றப்படி, இவ்விரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 25. தொலைவு 3 என்று இங்கேயே எழுதிவிட்டால் கணக்குக் கெடும். மாறும் அளவு நிலைத்துவிட, அதன் வீதம் பூஜ்யமாகிவிடும். ஆதலின், முதலில் காலத்தைக் குறித்து வகையிடுக. அ, உ ஒவ்வொன்றையும் அதனதன் வீதத்தால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வரும். எண்களைப் பின்னரே இடுக. அப்போது உயரம் 4 மீட்டர். 3-ஐ 12-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, இறங்கும் வேகம் 9 சென்டிமீட்டர். விடையில் வரும் கழித்தல் குறி இறக்கத்தைக் காட்டுவது.

அடிமுனை 4 மீட்டரை எட்டும்போதோ, அவ்வேகம் 16 சென்டிமீட்டர்! அடிமுனை சீராக நகர்ந்தும் மேல்முனை விரைகிறது.

படம், தொடர்பு, வகையிடல், எண்: இதுவே வரிசை. பெற்றோர்களே, பிள்ளைகள் எம்மொழியில் பயின்றாலும், இவ்வரிசையைத் தமிழில் ஒருமுறை சொல்லச் செய்து கேளுங்கள். பிறருக்கு விளக்க முடிந்ததே தமக்கும் விளங்கியதாகும்.