பூங்கிழங்குகளை மழைக்காலத்தில் காத்தல்

கோடையில் பூக்கும் மென்மையான செடிகளைக் குளிர்காலத்தில் வீட்டிற்குள் எடுத்து வைக்க வேண்டும் என்று பிறநாட்டுத் தோட்ட நூல்கள் கூறுகின்றன. உறைபனி விழும் நாடுகளுக்கு அது முற்றிலும் பொருந்தும். அவற்றைப் படித்துவிட்டுச் செம்பாக்கத்திலும் சேலையூரிலும் மார்கழி பிறந்ததும் தொட்டிகளை அறைக்குள் தூக்கி வைக்கும் அங்கத்தினர் சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய அக்கறை பாராட்டத்தக்கதே. ஆயினும் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கிழங்குகளை அழிப்பது மழைநீர்; அது ஐப்பசியிலேயே வந்துவிடுகிறது.

பனியின் கொடுமையை அறிய விரும்புவோர் உதகமண்டலம் வரை சென்றால் போதும். 1848-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அங்குள்ள அரசினர் தாவரவியல் பூங்காவில், பனிக்காலத்து இரவுகளில் இளஞ்செடிகளை மிலார்த் தழைகளாலும் பிளாஸ்டிக் விரிப்புகளாலும் மூடிக் காக்கின்றனர். இலையினுள் இருக்கும் நீர் உறைந்தால் திசுக்கள் சிதைந்து செடி கருகிவிடும் என்பதே காரணம். சென்னையிலோ ஜனவரி மாத இரவுகளின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 21 டிகிரி. நுங்கம்பாக்கத்தில் பதிவானவற்றுள் மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான். அந்தக் குளிரில் சம்பங்கிக் கிழங்கு மடிவதில்லை. ஆனால் ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். மண்ணின் நுண்துளைகளில் நீர் நிரம்பினால் வேர் மூச்சுவிட இயலாது, பூஞ்சணம் புகும், சில நாட்களில் கிழங்கு கூழாகிவிடும்.

செடிக்குச் செடி உறங்கும் காலமும் வேறுபடும். உதகையில் கோடையில் பூத்துப் பனிக்காலத்தில் உறங்கும் டேலியாவைச் சமவெளியில் நாம் மழைக்காலத்தை ஒட்டி நட்டுக் குளிர்காலத்தில் பூக்கவிடுகிறோம். நூல் கிழங்கைத் தோண்டச் சொல்லும் மாதம் நமக்கு அதை நடும் மாதமாக இருக்கிறது! நம்மிடையே மே மலர் என்று வழங்கும் சிவந்த பந்துப்பூ அப்படியன்று. கோடை மழை கண்டதும் பூக்கும். ஆண்டிறுதியில் இலை மடிந்து உறங்கிவிடும். இலை பழுக்கத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, மடிந்தபின் அடியோடு நிறுத்தித் தொட்டியைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தால் போதும். கிழங்கை வெளியே எடுப்பவர்கள் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் புதைத்துப் பரணில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதைப் போன்ற கேடு வேறில்லை. மாதம் ஒருமுறை கிளறிப் பார்த்து, அழுகியதை உடனே நீக்க வேண்டும். உறங்கும் கிழங்குக்கு வெளிச்சம் வேண்டா; இலையோடு இருக்கும் செடிக்கோ அது இன்றியமையாதது. இவ்விரண்டையும் ஒரே இருட்டறையில் அடைப்பது தவறு.

நெசவு அங்கத்தினருக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தறிக்குழியில் நீர் ஊறும் நாட்களில் நூலை எப்படிக் காப்பது என்று அவர்கள் அறிவார்கள். கிழங்குக்கும் அதே காற்றோட்டமும் உயரமும் வேண்டும். எனினும் மணல் சட்டியைப் பாவுக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள்.

சம்பங்கியும் குண்டுமல்லியும் நிலத்திலேயே நிற்பவை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர எவராலும் ஆகாது. மேட்டுப்பாத்தியும் வடிகாலும் அவற்றுக்குக் காவல். மல்லியை நவம்பர்க் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்தால் மாசி, பங்குனியில் அரும்பு கட்டும். ஆனால் நாலைந்து குத்துச் சம்பங்கியையும் சில மல்லிப் பதியன்களையும் புரட்டாசிக்குள் தொட்டிக்கு மாற்றி, மழை படாத, வெளிச்சமுள்ள கூரையடியில் வைப்பது யாருக்கும் அரிதன்று. நிலம் மூழ்கினாலும் மூலச்செடி நம் கையில் இருக்கும்.

சங்கங்களின் நிர்வாகத்திற்கு இவ்விடத்தில் ஒன்று கூற விரும்புகிறேன். கணக்குகளைப் பார்வையிடும்போது, ஒரே அங்கத்தினர் ஆண்டுதோறும் நடவுக் கிழங்குக்கும் பதியனுக்கும் கடன் கோருவதைக் காண்கிறேன். மழையில் அழுகியதை ஈடுசெய்யவே அக்கடன். முந்தைய கடனின் வட்டி நிற்கும்போதே புதிய கடனும் ஏறுகிறது. அதை மறுப்பது கொடுமை. கேட்கும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பதும் உதவியன்று. சங்கக் கட்டிடத்தை ஒட்டி இடுப்பளவு உயர மேடை ஒன்றை எழுப்பிக் கூரை வேய்ந்து, அங்கத்தினரின் மூலச்செடிகளை மழைக்காலம் முழுதும் அங்கே காப்பதே தக்க வழி என்பது என் அபிப்பிராயம். செம்பாக்கம் போன்று வயல் குறைந்து வீடுகள் நெருங்கிவிட்ட ஊர்களில், தனித்தனியாக மேட்டிடம் தேடுவது பலருக்கும் ஆகாத காரியம்.

செடிகள் மாறிவிடும், களவு போகும் என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். நியாயமான அச்சமே. தொட்டிதோறும் அங்கத்தினர் எண்ணை எழுதி, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, வாரம் ஒருவர் முறைவைத்துப் பார்வையிட்டால் அச்சம் பெரிதும் நீங்கும். நகையை அடகாகப் பெற்றுக் குழப்பமின்றித் திருப்பிக் கொடுக்கும் சங்கங்களுக்குச் சம்பங்கித் தொட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா? ஆடி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை வைத்தால், புரட்டாசி முடிவதற்குள் கூரை வேய்ந்துவிடலாம்.