மதில்சுவருக்கு வெளியேயும் ஒத்திகை வேணும்

தொழிற்சாலைப் பாதுகாப்புன்னா ஹெல்மெட், கையுறை மட்டும்தானா நண்பர்களே?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவ மக்கள் கண் எரிஞ்சு, மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தாங்க. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாச்சு.

1984 போபாலுக்குப் பிறகு, 1989-ல் அபாய ரசாயன விதிகள் வந்தன. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுப்புற மக்களிடம், ஆபத்து என்ன, அப்போது செய்ய வேண்டியது என்ன என்று முன்கூட்டியே சொல்லணும். ஆலைக்கு வெளியே நடக்கும் மீட்புத் திட்டத்துக்கு வருஷம் ஒருமுறை ஒத்திகையும் நடத்தணும். இதெல்லாம் அந்த விதிகளிலேயே இருக்கு.

சொல்ல வேண்டியது பெரிய விஷயமும் இல்லை. அமோனியா தண்ணீரில் சுலபமா கரையும். அதனால ஈரத்துணியால் மூக்கை மூடணும். காத்து போற திசையிலேயே ஓடாம, குறுக்கே விலகணும்.

கடியப்பட்டணம் மாதிரி கடற்கரை ஊர்க்காரங்களுக்குக் காத்து எந்தப் பக்கம்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். குழாய்க்குள்ள என்ன ஓடுதுன்னு சொன்னா போதும். ஊருக்குத் தெரியாத பாதுகாப்புத் திட்டம் எவ்வளவு பக்காவா ஃபைலில் இருந்தாலும், விதியைக் கடைப்பிடிச்சதா கணக்கில் எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

நீங்க என்ன நினைக்கிறீங்க?