எலுமிச்சம்பழத்தின் யோக்கியதை

நமது காரிமங்கலத்தில் புது லாரி வாங்குகிறவர்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வண்டியை நகர்த்துவதில்லை. கண்டம் நீங்குமாம்! அப்பழம் மெய்யாகவே உயிர் காத்த கதை கடலில் இருக்கிறது.

1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் திரும்புகையில் சுமார் மூன்று மாதம் கரை காணவில்லை. ஸ்கர்வி என்னும் வியாதியால் மாலுமிகளின் ஈறு வீங்கிற்று. சுமார் 30 பேர் மாண்டார்கள். ஜபத்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் குறைவில்லை. பலனென்ன? நோய் தீர்க்கும் தேவதூதனாம் ரபேலின் பேரிட்ட கப்பலையே, ஓட்ட ஆளில்லாமல் 1499-ல் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

1747-ல் சாலிஸ்பரி என்னும் இங்கிலீஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர், 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறுவித மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே எல்லோருக்கும் முன் தேறினார்கள். அப்படியிருந்தும் கப்பற்படைக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவு 1795-ல்தான் பிறந்தது. கண்முன் ருஜு இருந்தும் 48 வருஷம் பழைய அபிப்பிராயத்தைக் கட்டி அழுததால் செத்தவர்களுக்கு யார் ஜவாப் சொல்வது?

லிண்டுக்கு அருள்வாக்கு எதுவும் வரவில்லை. சோதித்துப் பார்த்தார், அவ்வளவே. சக்கரத்தடிப் பழத்தை இதுவரை யார் சோதித்தார்கள் என்று கேட்கின்றோம். தோழர்களே! பழத்தைப் பிழிந்து குடியுங்கள். வண்டிக்குப் பிரேக்கைப் பாருங்கள்.