தலை நிமிர்ந்து நன்றி



எங்கள் தையல் நிலையத்துக்கு நிதி திரட்டச் சென்ற மாதம் கொழும்பில் கோல்ப் போட்டியொன்று நடந்தது. 1879இல் தொடங்கப்பட்ட றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானம். அதற்குள்ளாகவே களனிவெளி ரயில் பாதை செல்கிறது.

நன்றியுரை என் பொறுப்பு. எழுதித் தந்த தாளில் எங்களை "ஆதரவற்ற அபலைகள்" என்றிருந்தது. நான் பேச எழும்பவும் ரயில் வந்தது. இரைச்சல் அடங்குவதற்குள் தாளை மடித்துவிட்டேன்.

அனுசரணையாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும், வெயிலில் பை சுமந்த தம்பிமாருக்கும் நன்றி கூறினேன். "உங்கள் பணத்தில் தையல் மெசின் வாங்குவோம், உழைப்பு எங்களுடையது. மாதாமாதம் கணக்கு அனுப்புவோம்" என்றேன்.

சகோதரிகளே, உதவியவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதற்காகக் கூனிக் குறுகத் தேவையில்லை. ஒழுங்கான கணக்கே நாம் கொடுக்கும் மரியாதை.