குடும்பப் பெயர் என்ற கட்டம் நமக்கு வேண்டாம்

கீழ்பென்னாத்தூரில் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடை வைத்திருக்கிறேன். பான், பாஸ்போர்ட், ஆதார் திருத்தம், பட்டா மாறுதல் என்று எதற்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது பெயரைத்தான். அண்ணாமலை என்று கூப்பிட்டால் வரிசையில் ஒருவருக்கு மேல் நிமிர்ந்து பார்ப்பார்கள். அருணாசலம், அருணகிரி, சோணாசலம் என்று மற்ற பெயர்களும் மலையைச் சுற்றியே வரும். பெண்கள் என்றால் உண்ணாமலை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ‘சர்நேம்’ என்ற கட்டம் வரும். அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கட்டம் நம் மக்களை நினைத்துப் போட்டதில்லை. அதை எடுத்துவிட வேண்டும்.

பெயருக்கா எங்களிடம் பஞ்சம்? அண்ணுதல் என்றால் நெருங்குதல். பிரமனும் திருமாலும் அடிமுடி தேடி நெருங்க முடியாமல் நின்ற மலை, அதனால் அண்ணாமலை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அருணம் சிவப்பு, அசலம் மலை. அதே நெருப்பு மலைக்கு வடமொழிப் பெயர் அருணாசலம். உயரம் 2,668 அடி. கார்த்திகையன்று உச்சியில் கொப்பரை எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கிரிவலம் போனவர்கள் பிறந்த குழந்தைக்கு வேறு பெயர் யோசிப்பதே அபூர்வம். அம்மன் பெயர் உண்ணாமுலை. பேச்சில் அது உண்ணாமலை ஆகி, பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. அதைப் பிழை என்று யாராவது திருத்த வந்தால் நான் விடமாட்டேன். அம்மனோடு மலையும் சேர்ந்துகொண்ட பெயர் அது.

இந்தப் பெயர் எங்கள் மாவட்ட எல்லையோடு நிற்கவுமில்லை. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் தெற்கே சென்னிகுளத்துக்காரர். 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியார் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தவர். 1992இல் ரஜினிகாந்த் பால்காரராக நடித்த படத்துக்கும் அதே பெயர். கடல் தாண்டிப் போனால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஓர் அருணாசலம். அவர் மகன் பொன்னம்பலம் கொழும்பில் முதலியார் பதவி வகித்தார். அவருடைய மகன்தான் சர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924), 1919இல் தொடங்கிய இலங்கை தேசிய காங்கிரசின் முதல் தலைவர். அவர் மகன் சர் அருணாசலம் மகாதேவா. அப்பா பெயர் முன்னால் நிற்கிறது, தாத்தா பெயர் பேரனுக்குத் திரும்பி வருகிறது. நான்கு தலைமுறைக்கும் பொதுவாகக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தை வரலாறு தவறவிட்டுவிட்டதா என்ன?

குடும்பப் பெயர் உள்ளவர்களும் இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். 1930களில் போலந்துக்காரர்கள் இருவர் ரமணரிடம் வந்தார்கள். ஒருவர் வாண்டா டினோவ்ஸ்கா என்ற எழுத்தாளர், மற்றவர் மாரிஸ் ஃப்ரீட்மன் என்ற பொறியாளர். போலிஷ் மொழியில் ‘ஸ்கி’ என்று முடியும் பெயர்களில் பல ஊரையோ நிலத்தையோ குறித்துப் பிறந்தவை. ஆணுக்கு ஸ்கி, பெண்ணுக்கு ஸ்கா. கோவால்ஸ்கி என்றால் கொல்லன் வழி வந்த பெயர். அங்கே மிக அதிகம் புழங்கும் குடும்பப் பெயர் நோவாக், ஊருக்குப் புதிதாக வந்தவன் என்று பொருள். ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது. முதலில் ஆளை அடையாளம் சொல்ல வந்த ஊரும் தொழிலும், வரிக்கும் படைக்கும் தலைக்கணக்கு எடுத்த ஆட்சிகளின் ஏட்டில் ஏறிப் பரம்பரைச் சொத்தாகிவிட்டன. ஆஸ்திரியா ஆண்ட போலந்துப் பகுதி யூதர்களுக்கு 1787இல் சட்டம் போட்டே குடும்பப் பெயர் கட்டாயமாக்கப்பட்டது. வாண்டாவுக்குக் காந்தி உமாதேவி என்று பெயர் வைத்தார். 1971இல் மைசூரில் மறைந்த அவரை இங்கே பலரும் அந்தப் பெயரால்தான் அறிவார்கள். அவர்கள் முறை அவர்கள் வரலாற்றில் விளைந்தது. நம் வரலாறு வேறு.

நம்மிடமும் பெயருக்குப் பின்னால் ஓர் ஒட்டு இருந்தது. அது சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஒரே நாளில் உதிரவில்லை. ஆனால் உதிர்ந்தது. எங்கள் தொகுதியிலிருந்து போய் 2021இல் சட்டப்பேரவைத் துணைத் தலைவரானவர் கு.பிச்சாண்டி. ஓர் இனிஷியல், ஒரு பெயர். அதில் சாமி தெரிகிறது, சாதி தெரியவில்லை. அத்தனை பாடுபட்டுக் காலி செய்த இடத்தை நிரப்பச் சொல்லி இப்போது ஒரு கட்டம் கேட்கிறது. “சாதிப் பேரைப் போட்டுறலாமாம்மா?” என்று குழந்தைக்கு விண்ணப்பம் எழுத வரும் பெற்றோர் கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சாதி வேண்டாம் என்றால் அப்பா பெயர் அங்கே போகிறது. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, கடைசிப் பெயர் கட்டாயம். அதனால் அப்பா அருணாசலம் மகனுக்குக் குடும்பப் பெயராகிவிடுகிறார். வெளிநாட்டில் அந்தப் பையனை ‘மிஸ்டர் அருணாசலம்’ என்றுதான் அழைப்பார்கள். அவனுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அவன் பெயர் பின்னால் வரும். விமான நிலையத்தில் மூன்று தலைமுறையும் சேர்ந்து நின்றால் மூன்று வேறு குடும்பப் பெயர்கள். சொந்த மகன்தானா என்று அதிகாரி கேட்பார். கட்டத்தைக் காலியாக விட்டாலும் வம்புதான். நம் பாஸ்போர்ட் அதை அனுமதிக்கிறது. ஆனால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் மூன்று எழுத்தை அச்சடித்துத் தருகிறார்கள். தாயும் தகப்பனும் வேண்டிப் பெற்று வைத்த பெயர் அது! 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டுத் தவித்தவர்களின் வயிற்றெரிச்சலை நான் கேட்டிருக்கிறேன்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். பள்ளிச் சான்றிதழில் எனக்கு அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவருடையது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, அலைச்சல். கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. பிறந்தபோது வந்த எழுத்து, அப்பாவுடையதோ அம்மாவுடையதோ, கடைசிவரை இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு விதி வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும், இரண்டாகப் பிரிக்க முடியாத பெயரை முழுதாக ஒரே பகுதியில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. நம் விண்ணப்பங்களில் பெயருக்கு ஒரு கட்டம், தாய் தந்தை பெயருக்குத் தனித்தனிக் கட்டம் இருந்தால் போதும். இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் ஆணை பிறப்பித்த தமிழக அரசு, இதையும் ஒன்றிய அரசிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை 15 வயதுவரை சேர்க்கலாம்; ஓராண்டுக்குள் சேர்த்தால் தாமதக் கட்டணமும் இல்லை. சேர்க்கும்போதே இனிஷியலின் விரிவு என்ன, ஆங்கிலத்தில் ஒரு ‘என்’னா இரண்டு ‘என்’னா என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஆதாரிலும் பள்ளியிலும் வங்கியிலும் அதையே கொடுங்கள்.